காத்தளக்கிற கம்பி

முர்ஷித்துக்குக் கோவம் வாறதுக்கு நேரகாலம் கிடையாது. ஆனா அந்தக் கோவத்துல முக்கால்வாசி நியாயமானதுதான், அதையும் சொல்லத்தானே வேணும். நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒரு மனுசன்ட கார்ல மஞ்சள் லைட்டுப் பத்துது. ஆரோ ஒரு மேதாவி சொன்னானாம் எண்டு பற்றரி வயரைக் கழட்டி அரை மணித்தியாலம் வெச்சு, லைட்டை நூத்துப் போட்டு வாறான். எஞ்சினக் கட்டி ஆளுற கொம்பியூட்டர் ஒவ்வொரு பிழையையும் பாத்துப் பாத்து எழுதி வெச்சதெல்லாம் அதோட அழிஞ்சு போயிடும். பேந்து வந்து நிண்டு, "பாஸ், என்ன பிழையெண்டு ஒருக்கா ஸ்கேன் பண்ணிச் சொல்லுங்களன்" எண்டு கேட்டா, கோவம் வராம வேற என்ன வரும்?

"ஸ்கேனர் என்ன மை போட்டுப் பாக்கிற சாமானா?" எண்டு முர்ஷித் கத்துற சத்தம் ஒழுங்கை முனை மட்டும் கேக்கும். "எழுதினதெல்லாத்தையும் அழிச்சிட்டு வந்து என்னை வாசிக்கச் சொல்றீங்க!"

இன்னொருத்தன் அந்த லைட்டுக்கு மேலால கறுத்த டேப் ஒட்டிட்டு வந்தான். கண்ணக் கூசுதாம். அண்டைக்கு முர்ஷித் பகல் சோறே தின்னல்ல.

கல்முனைக்குடியில கடற்கரைக்குப் போற ஒழுங்கையொண்டுல நிப்லாட வீடு. நிப்லா அவன்ட பொஞ்சாதி. நம்மட பக்கத்துல பொம்புளப் புள்ளைக்குத்தான் வீடு குடுக்கிற, மாப்பிள போய் அங்க குடியிருக்கிறதுதான் வழமை. முர்ஷித்தும் போனான். அதுக்கு முன்னம் ஏழு வருஷம் கட்டார்ல ஒரு கராஜ்ல வயர், சென்சர், கொம்பியூட்டர் எண்டு பழகிட்டு வந்து, அந்த வீட்டு முத்தத்துலயே தகரம் போட்டு வேலையத் துவங்கினான். வீடு பொஞ்சாதிட, வளவு மாமிட, கோவம் மட்டும்தான் அவன்ட சொந்தம் எண்டு கூட்டாளிமார் பகிடி பண்ணுவாங்க.

மாமி ஆமினா உம்மாக்கு அறுபத்தஞ்சு வயசு. பழைய ஒழுங்கு தெரிஞ்ச மனிசி. மருமகனுக்கு முன்னால வரவும் மாட்டா, அவனோட நேர கதைக்கவும் மாட்டா. கலியாணம் முடிஞ்ச நாளையில இருந்து பதினாறு வருஷமா சீலைத் திரைக்குப் பின்னால நிண்டுதான் எல்லாக் கதையும். "கேள் புள்ள, சோத்துக்கு ஊத்தின ஆணத்துக்கு உப்புக் காணுமாமா?" எண்டு நிப்லாட்டக் கேப்பா. "காணும்" எண்டு முர்ஷித் சொல்லுவான். ரெண்டு முழத்துக்கு அங்கால நிக்கிற மாமிக்கு அது நல்லாக் கேக்கும். கேட்டாலும் கேட்ட கணக்கில்ல. நிப்லா திரும்பி, "காணுமாம் உம்மா" எண்டு சொன்னாத்தான் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த கணக்கு.

ஒருநாள் பொறுக்கேலாம முர்ஷித் நிப்லாட்டச் சொன்னான்: "இந்த வீட்டுல ஒங்கட உம்மாதான் கொம்பியூட்டர். அது ஒரு பெட்டிக்க குந்திக்கிட்டு எல்லாத்தையும் நடத்தும். ஆனா அதுக்குக் கண்ணுமில்ல, காதுமில்ல. சென்சர் என்னத்தச் சொல்லுதோ அதுதான் அதுக்கு உண்மை. சென்சர் பொய் சொன்னா பொய்க்கு ஏத்த மாதிரி எஞ்சின ஓட்டும். அந்த சென்சர் நீதான் புள்ள." நிப்லா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரிஞ்சாள்.

சரி, இனி வேன்ட கதைக்கு வருவம்.

பவிதரன் சவளக்கடைப் பொடியன். பொடியன் எண்டாலும் முப்பத்தஞ்சு வயசாகுது. நாலு ஏக்கர் வயல் செய்றான், மிச்ச நேரத்துல ஜப்பான் வேனொண்டு வெச்சு வாடகைக்கு ஹயர் ஓடுறான். அவன்ட அம்மா கனகேஸ்வரிக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டுது. கிழமையில ரெண்டு நாள், திங்களும் வியாழனும், கல்முனை ஆஸ்பத்திரிக்கு வந்து மெசின்ல ரெத்தம் சுத்தம் பண்ண வேணும். ஒருநாள் தப்பினா காலு ரெண்டும் வீங்கிடும், ரெண்டு நாள் தப்பினா மூச்சு எடுக்கேலாது. சவளக்கடையில இருந்து கல்முனைக்கு வாறதெண்டா கிட்டங்கித் தாம்போதியத் தாண்ட வேணும். மாரி பெய்ஞ்சா ஆத்துத் தண்ணி றோட்டுக்கு மேலால ஓடும். அந்தத் தண்ணிக்க வேகமாப் போகேலாது, மெல்ல மெல்லத்தான் உருட்ட வேணும். பவிதரன்ட வேனோ வேகமாப் போனா ஒண்டுமில்ல, மெல்லமாப் போனா நிண்டு போகும். இதுதான் வருத்தம்.

கார்த்திகை மாசத்து வியாழனொண்டுல, அம்மாவ மெசின்ல போட்டுட்டு, பின்னேரம் மூண்டு மணிக்கு அவன் வேனைக் கொண்டு வந்து முத்தத்துல உட்டான். முர்ஷித்தை அண்ணன் முறை வெச்சு நானா எண்டு கூப்பிட்டான்.

"நானா, லைட்டுப் பத்துது. மெல்லமாப் போகக்குள்ள மூச்சு வாங்கி நிண்டு போகுது. மழை துவங்கப் போகுது நானா. எப்பிடியாவது சரி பண்ணித் தாங்க."

முர்ஷித் முதல்ல கேட்டது, "பற்றரியக் கழட்டினீங்களா?" எண்டுதான்.

"இல்ல நானா."

அந்த ஒரு சொல்லுக்காகவே பவிதரனை முர்ஷித்துக்குப் புடிச்சுப் போச்சு. ஸ்கேனரைக் குத்தினான். பிழை பளிச்செண்டு வந்திச்சு. காத்தளக்கிற சென்சர். எஞ்சின் சும்மா நிண்டு ஓடக்குள்ள செக்கனுக்கு ரெண்டரை கிராம் காத்துக் காட்ட வேணும், அது ஒண்டு தசம் ஆறு எண்டு காட்டுது.

"இஞ்ச வாங்க பவிதரன், பாருங்க" எண்டு காத்துக் குழாயில இருந்து சென்சரக் கழட்டிக் காட்டினான். கோவமில்லாத நேரத்துல முர்ஷித் நல்லாப் படிப்பிப்பான். "உள்ளுக்குத் தெரியுதா, தலைமயிரவிட மெல்லிசா ஒரு கம்பி? கொம்பியூட்டர் கரண்ட் குடுத்து அத எந்த நேரமும் ஒரே சூட்டுல வெச்சிருக்கும். எஞ்சின் மூச்சிழுக்கக்குள்ள காத்துப் பட்டு கம்பி ஆறும். ஆறினா திரும்பச் சூடாக்கக் கூடக் கரண்ட் வேணும். எவ்வளவு கரண்ட் போச்செண்டு பாத்துத்தான் எவ்வளவு காத்து வந்திச்செண்டு கொம்பியூட்டர் கணக்குப் புடிக்கிற. அந்தக் காத்துக்கு எவ்வளவு பெற்றோலோ, அதை அளந்து அடிக்கும். கண் இமைக்கிற நேரத்துல நூத்துல ஒரு பங்குக்கு இஞ்செக்டரத் தொறந்து மூடும்."

"அப்ப என்ன பிழை நானா?"

"கம்பியில அழுக்குப் புடிச்சிட்டுது. போர்வையப் போத்திக்கிட்டு நிக்கிற ஆளுக்குக் காத்துத் தெரியுமா? இதுக்கும் தெரியல்ல. காத்துக் கொறவெண்டு கொம்பியூட்டருக்குப் பொய் சொல்லுது. கொம்பியூட்டரும் நம்பி பெற்றோலக் கொறைக்குது. சைலன்சர் பக்கம் இன்னொரு சென்சர் புகைய மோந்து பாத்து, 'பெற்றோல் காணா, காணா' எண்டு கத்திக்கிட்டு இருக்கு. அதுட பேச்சக் கேட்டுக் கொஞ்சம் கூட்டிக் குடுக்கும். அதுக்கும் ஒரு எல்லை இருக்குதானே. எல்லை தாண்டினா லைட்டப் போட்டுட்டுக் கைய விரிச்சிடும். எஞ்சின் பட்டினி கிடந்து நிண்டு போகும்."

ஸ்பிறே அடிச்சுக் கம்பியக் கழுவினான். பில்டரை மாத்தினான். காட்டுற கணக்கு ரெண்டரைக்கு வந்திச்சு. பேந்து பற்றரியக் கழட்டிப் பூட்டினான். இவன் கழட்டலாம், இவனுக்குத் தெரியும் எப்பக் கழட்டிற எண்டு. அப்பிடிக் கழட்டினா கொம்பியூட்டர் பழைய பழக்கமெல்லாத்தையும் மறந்திடும், நிண்ட இடத்துல இருவது நிமிசம் ஓட உட்டாத்தான் புதுசாப் பழகும். இந்த இருவது நிமிசத்த வீணாக்காம இருக்க முர்ஷித் ஒரு வழி வெச்சிருந்தான். பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லக்குள்ள வண்டிய ஸ்டார்ட் பண்ணி, பொனட்டத் தொறந்தபடி உட்டுட்டு, கேட்டப் பூட்டிட்டுப் பள்ளிக்குப் போயிடுவான். வண்டி பழகும், இவன் தொழுதிட்டு வந்திடுவான். அண்டைக்கும் அப்பிடித்தான் செஞ்சான். வந்து பொனட்ட மூடி, பவிதரன்ட கையில சாவியக் குடுத்தான்.

அடுத்த வியாழன் பவிதரன் திரும்பி வந்தான். அதே லைட்டு. அதே ஒண்டு தசம் ஆறு.

"என்ன மனுசன் நீங்க? போன கிழமை புது பில்டர் போட்டன். எங்கால கொண்டு போய் ஓடினீங்க? நெல்லு மில்லு உமிக்கையா?"

"இல்ல நானா. ஆஸ்பத்திரியும் வீடும்தான்."

"அப்ப கம்பி தன்ட பாட்டுல அழுக்காகுமா? வானத்துல இருந்தா வந்திச்சு?"

கழுவினான். ரெண்டரைக்கு வந்திச்சு. வண்டியப் பழக உட்டுட்டுப் பள்ளிக்குப் போனான். மூண்டாவது வியாழனும் வேன் வந்திச்சு. இந்த முறை இன்னும் மோசம், ஒண்டு தசம் மூண்டு. நடுவுல வேற ரெண்டு காரும் சுத்தம் பண்ணி உட்டுத் திரும்பி வந்திருந்திச்சு. ஊருல உள்ள வாகனக்காரனெல்லாம் ஒண்டு சேர்ந்து தன்ட மானத்த வாங்கப் பாக்கிறாங்களா எண்டு முர்ஷித்துக்கு வந்திச்சே ஒரு ஆத்திரம்! முத்தத்துல நாலு பேர் நிக்கிறாங்க எண்டும் அவன் பாக்கல்ல.

"போத்தல் பெற்றோல் அடிக்கிறாய், என்ன? மண்ணெண்ணெய் கலந்தது!"

"அல்லாஹ் அறிய இல்ல நானா" எண்டான் பவிதரன். கோயிலுக்குப் போற பொடியன், முர்ஷித் நம்பட்டும் எண்டு அப்பிடிச் சொன்னான். "நான் பெற்றோல் செட்டுலதான் அடிக்கிறன்."

"பொய்! கம்பி பொய் சொல்லாது, நீதான் பொய் சொல்றாய். இந்தா கேட்டுக்கோ. ஒன்ட அம்மாவக் கிட்னி வருத்தம் கொல்லப் போறல்ல. நீதான் கொல்லப் போறாய். தாம்போதிக்க கொண்டு போய்த் தண்ணியில உட்டுக் கொல்லப் போறாய்!"

பவிதரன் வேன்ட பின் கதவுப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தான். சாவியக் கதிரையில வெச்சிட்டு, "நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறன் நானா. ஒரு ஆட்டோ கூப்பிடுங்க" எண்டான். முர்ஷித் ஆட்டோவுக்குச் சொல்லிட்டு, பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கராஜுக்குப் பின்னால சாமான் எடுக்கப் போனான். வரக்குள்ள ஆட்டோ போயிட்டுது. ஜப்பான்ல இருந்து வந்த பழைய சென்சரொண்டு கையில இருந்திச்சு, அதையே மாத்திப் போட்டான். ரெண்டரை. பழக உட்டான். தொழப் போனான்.

திங்கக்கிழமை விடியச் சாமத்துல இருந்து அடை மழை. பத்து மணி போல பவிதரன்ட போன் வந்திச்சு. தாம்போதியில முழங்காலளவு தண்ணி, நடுவால போகக்குள்ள வேன் நிண்டுட்டுது. அம்மாவத் தூக்கித் தோள்ல வெச்சிக்கிட்டு முக்கால் மணித்தியாலம் நிண்டிருக்கான். பேந்து ஆரோ உழவு மெசின் பெட்டியில ஏத்திக் கரை சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. நனைஞ்சு மூச்சு முட்டி, ரெண்டு நாள் வார்டுல வெச்சிருக்க வேணுமாம்.

"நான் சொன்னன்தானே!" எண்டு முர்ஷித் போன்ல கத்தினான். கத்திப்போட்டுப் போனைக் கட் பண்ணினான். அதுக்குப் பொறகு பகல் முழுக்க ஒரு நட்டும் கழட்டேலாமப் போச்சு. கையில ஸ்பனரை வெச்சிக்கிட்டு ஒரே இடத்துல குந்தி இருந்தான். நிப்லா தேத்தண்ணி கொண்டு வந்தாள், ஆறிக் கிடந்திச்சு.

வியாழன் பின்னேரம் வேன் திரும்ப வந்திச்சு. இந்த முறை பவிதரன் நேரம் பாக்கவுமில்ல, அவசரப்படவுமில்ல.

"நானா, விக்கிற அளவுக்கு மட்டும் சரி பண்ணித் தாங்க. காணும்."

"விக்கவா? அப்ப அம்மாவ என்னத்துல கொண்டு வாற? இண்டைக்கு வியாழன்தானே, மெசின்லயா இருக்கா?"

"அம்மா வரமாட்டாவாம். இனி எண்டைக்கும் வரமாட்டாவாம்." பவிதரன் நிலத்தப் பாத்துக் கதைச்சான். "போன கிழமை நீங்க ஏசக்குள்ள அம்மா பின் சீற்றுல படுத்திருந்தவ நானா. மெசினுக்கு இன்னும் நேரம் இருக்குதெண்டு நேர இஞ்ச வந்திட்டம். நீங்க பின்னால போகக்குள்ளதான் இறக்கி ஆட்டோவுல ஏத்தினன். எல்லாம் கேட்டிட்டா. தாம்போதியில நிண்டதோட, 'எனக்காக என்ட புள்ள ஊரானிட்டப் பேச்சு வாங்கினது காணும், கொலைகாரன் எண்டு பேர் கேட்டது காணும்' எண்டு முடிவெடுத்திட்டா. ஆரு சொல்லியும் கேக்கிறா இல்ல."

வேன் வாங்கிற ஆளொண்டப் பாத்துட்டு வாறனெண்டு பவிதரன் டவுனுக்குப் போயிட்டான். முர்ஷித் பொனட்டத் தொறந்தான். காத்துக் கணக்கு ஒண்டு தசம் மூண்டு. புதுசாப் போட்ட சென்சரும் அதே. கழுவினான், ரெண்டரை. பேய் வேலையா இது?

எல்லாத்துக்கும் ஒரு முடிவு கட்டுறன் எண்டு இந்த முறை ஸ்கேனரக் கழட்டாம, நடக்கிறதெல்லாத்தையும் கோடு கீறிப் பதியிற மாதிரிப் போட்டு உட்டுட்டுப் பள்ளிக்குப் போனான். தொழுகையில கூட அந்தக் கோடுதான் கண்ணுக்க நிண்டிச்சு. அல்லாஹ் மன்னிக்க வேணும்.

வந்து பாத்தான். எட்டு நிமிசம் மட்டும் கோடு ரெண்டரையில நேராப் போயிருக்கு. ஒன்பதாவது நிமிசத்துல ஒரு துள்ளு. அதுக்குப் பொறகு சறுக்கிச் சறுக்கி, இருவதாவது நிமிசத்துல ஒண்டு தசம் எட்டு. கேட் பூட்டினபடி. வேன் நிண்ட இடத்துல நிக்குது. றோட்டுமில்ல, மில்லுமில்ல, போத்தல் பெற்றோலுமில்ல. அழுக்கு இந்த முத்தத்துலதான், இந்தப் பத்து நிமிசத்துக்கதான் ஏறியிருக்கு.

சென்சரக் கழட்டி மூக்குல வெச்சு மோந்து பாத்தான். சாம்பிராணி. நாலு கிழமையா இதை ஒருக்கா மோந்து பாக்க வேணுமெண்டு அவன்ட புத்திக்கு எட்டல்ல. வியாழன் மஃரிபோட வெள்ளிக்கிழமை ராப் பிறக்கும், சாம்பிராணி போட்டு வீடு முழுக்க மணக்கும், மூக்கு அதுக்குப் பழகிட்டுது.

"நிப்லா!"

நிப்லா ஓடி வந்தாள்.

"ஒங்கட உம்மா முத்தத்துக்கு வந்தாவா?"

"வியாழக்கிழமைதானே. நீங்க பள்ளிக்குப் போனாப் பொறகு, அந்நிய ஆம்பிளயள் இல்லாத நேரம் பாத்து, சாம்பிராணிச் சட்டியக் கொண்டு வருவா. அதுக்கென்ன?"

"எங்கெங்க புடிக்கிறா?"

நிப்லா திரைப் பக்கம் திரும்பினாள். "உம்மா, எங்கெங்க புடிச்சீங்களாம்?"

"வீட்டுக்க, கிணத்தடி, பேந்து வாகனத்துக்கும் எண்டு சொல்லு. புது ஸ்கேனர் வந்த நாள்ல இருந்து ஊருக் கண்ணெல்லாம் இந்த முத்தத்துலதானே எண்டு சொல்லு."

"வீட்டுக்க, கிணத்தடி..." எண்டு நிப்லா துவங்கினாள்.

"கேட்டிச்சு! எனக்குக் காது இருக்கு!" முர்ஷித் திரைக்கு நேரப் போய் நிண்டான். "மாமி! நேரச் சொல்லுங்க! வாகனத்துல எங்க புடிச்ச?"

நிப்லா வாயப் பொத்தினாள். திரைக்கு அங்கால இருந்து ஆமினா உம்மாட குரல் வந்திச்சு, நேர அவனுக்கு.

"வாய்லதான் புடிச்சன். கறுத்த குழாயொண்டு கிடந்து புகையத் தன்ட பாட்டுல இழுத்திச்சு. நல்லா உள்ளுக்குப் போகட்டும் எண்டு குர்ஆன்ல யாசீனை முழுக்க ஓதி முடியு மட்டும் புடிச்சன். மத்த வாகனத்துக்கெல்லாம் சும்மா ஒருக்காக் காட்டுறதுதான். அந்த வருத்தக்காறப் பொம்புள ஏறிப் போற வேனெண்டு நிப்லா சொன்னாள். அந்த மனிசி சுகமாப் போய் வரட்டும் எண்டு அதுக்கு மட்டும் ரெண்டு கட்டி கூடப் போட்டன்."

யா அல்லாஹ்! முர்ஷித் தலையில கையக் குடுத்துக்கிட்டுக் குந்திட்டான். சாம்பிராணி எண்டுறது மரத்துப் பாலுதானே. புகை பில்டரால பூந்து போய், அந்தச் சூட்டுக் கம்பியில பட்டுப் பிசினா இறுகியிருக்கு. பேந்து ஓடக்குள்ள றோட்டுத் தூசும் அந்தப் பிசின்ல ஒட்டியிருக்கு.

"அதாலதான் மாமி வேன் தண்ணிக்க நிண்டது!"

திரை அசையல்ல. ஆமினா உம்மாட குரல் நடுங்கிச்சு, ஆனா கொறையல்ல. "உள்ளுக்கு ஒரு கம்பி இரிக்கெண்டு என்னட்ட ஆரு சொன்ன? பதினாறு வருஷமா இந்த வீட்டுல இரிக்கிறீங்க. என்ன வேலை, என்னத்தத் தொடக்கூடா எண்டு ஒருநாள் சொன்னீங்களா? வாகனக்காரனெல்லாத்துக்கும் நல்லா ஏசுறீங்க, நான் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன். ஓடுற எஞ்சினை வாயத் தொறந்து உட்டுட்டுப் போனது நானா, நீங்களா?"

முர்ஷித்துக்கு வியாழக்கிழமையில செஞ்ச வேலையெல்லாம் ஒவ்வொண்டா ஞாபகத்துக்கு வந்திச்சு, திரும்பி வந்த காரெல்லாத்துட சொந்தக்காரனுக்கும் அவன் ஏசின ஏச்செல்லாம் வந்திச்சு. பவிதரன் வந்து கேட்டுல நிக்கக்குள்ள, சொல்லத்தான் வாயத் தொறந்தான். "பிழை தெரிஞ்சிட்டுது. காலமே வேனை நானே கொண்டு வாறன்" எண்டதோட நிண்டுட்டுது. மூச்சு விடாம ஏசத் தெரிஞ்ச வாய்க்கு, 'பிழை என்னில' எண்ட அந்த ஒரு வசனம் வரல்ல. வெக்கம்தான், வேற என்ன.

காலமே சுபஹுத் தொழுகைக்குப் பொறகு சென்சரத் திரும்பக் கழுவி வேனை எடுத்தான். பின் கதவு தொறந்து பூட்டுற சத்தம் கேட்டிச்சு. திரும்பிப் பாத்தா மாமி முக்காட்ட இழுத்துப் போட்டுக்கிட்டுக் குந்தியிருக்கா. "போங்க" எண்டா. அவ்வளவுதான். தாம்போதியில சாணளவு தண்ணி. ஆமை மாதிரி உருட்டினான். வேன் ஒருக்காக் கூடத் தும்மல்ல.

சவளக்கடை வீட்டுல கனகேஸ்வரி பாயில சாஞ்சு கிடந்தா. முகமும் காலும் வீங்கி, கண்ணு ரெண்டும் சின்னதாப் போயிருந்திச்சு. பவிதரன்ட பொஞ்சாதி கேதீஸ்வரி விசிறிக்கிட்டு இருந்தாள். பவிதரன் கதவு நிலையப் புடிச்சிக்கிட்டு நிண்டான். ஆமினா உம்மா போய்ப் பாய்க்குப் பக்கத்துல குந்தி, கனகேஸ்வரிட கையப் புடிச்சா.

"தங்கச்சி, எல்லாம் என்னாலதான். நான்தான் அந்த வேனுக்குச் சாம்பிராணி புடிச்சன். அந்தப் புகை உள்ளுக்குப் போய்த்தான் வேன் நிண்டதாம்."

கனகேஸ்வரி அவவ ஒரு மாதிரிப் பாத்தா. "சாம்பிராணி காட்டினா நல்லதுதானே அக்கா. நாங்களும் வெள்ளிக்கிழமையில காட்டுறதானே. அதால ஆருக்கு என்ன வந்திச்சு?"

"அதைத்தான் நானும் சொல்றன். நல்ல எண்ணத்துலதானே புடிச்சன்."

"ஓம் அக்கா. புகையால வாகனம் நிக்குமா? என்னைக் கூட்டிப் போறதுக்கு எல்லாருமாச் சேர்ந்து ஒரு கதை கட்டிக்கிட்டு வந்திருக்கியள். நான் வரல்ல."

ரெண்டு பொம்புளயளும் ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சிக்கிட்டு, சாம்பிராணியால ஒண்டும் ஆகாதெண்டு ஒரே முடிவுக்கு வந்திட்டாங்க. முர்ஷித் கம்பி எண்டான், சூடு எண்டான், கரண்ட் எண்டான். போனுல எடுத்த கோட்டுப் படத்தக் காட்டினான். கனகேஸ்வரி கண்ண மூடிக்கிட்டா. எத்தனை வருஷம் எத்தனை பேருக்கு எத்தனை ஏச்சு ஏசியிருப்பான், அதையெல்லாம் சனம் நம்பிச்சு. ஆயுசுலயே ஒருக்கா உண்மையச் சொல்ல வந்தா ஆரும் நம்புறாங்க இல்லையே! வருத்தக்காற மனிசியெண்டும் பாக்காமக் கத்தினான்.

"அம்மா! பொய்யில்ல அம்மா! பிழை என்னில! எஞ்சினைத் தொறந்து போட்டுட்டுப் போனவன் நான். தெரியாம ஏசினவனும் நான். ஒங்கட மகன்ல ஒரு துளி பிழையும் இல்ல! அவர் ஒங்களத் தண்ணியில கொண்டு போய் உடல்ல, நான்தான் உட்டன்!"

கனகேஸ்வரி கண்ணத் தொறந்தா. மூச்சு வாங்கி வாங்கி, மெல்லமாத்தான் கதைச்சா.

"அத ஏன் தம்பி எனக்குச் சொல்றியள்? என்ட புள்ளய எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னத நான் ஒருநாளும் நம்பல்ல. அவன்தான் நம்பிட்டான். நாலு நாளா அவன் சோறு தின்னல்ல. என்ட மூஞ்சியப் பாக்கிறான் இல்ல. அவனிட்டச் சொல்லுங்க."

முர்ஷித் திரும்பினான். பவிதரன் நிலைக் கதவ உடாமப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். அவனப் பாத்துக் கதைக்கிறதுக்கு முர்ஷித்துக்குக் கட்டார் போய் வாறதை விடக் கஷ்டமா இருந்திச்சு.

"பவிதரன், ஒங்கள்ல பிழையில்ல. ஒரு பிழையும் இல்ல. நான் சொன்னது பொய். என்னை மன்னிச்சிக்கோங்க."

பவிதரன் "பரவாயில்ல நானா" எண்டு சொல்லத்தான் பாத்தான். பாதியிலயே குரல் உடைஞ்சிட்டுது. நிலையோட சாஞ்சு அப்பிடியே படியில குந்தி, முகத்த முழங்காலுக்க வெச்சிக்கிட்டு அழுதான். "நான்தான் அம்மாவக் கொல்லப் பாத்தனெண்டு... நான்தான் எண்டு நினைச்சிக்கிட்டு..." எண்டதுக்கு மேல ஒண்டும் வரல்ல. ஆமினா உம்மாவும் முக்காட்டால கண்ணத் துடைச்சா.

கனகேஸ்வரி கேதீஸ்வரிட தோளப் புடிச்சிக்கிட்டு எழும்பினா. ஆடி ஆடி வந்து மகன்ட தலையில கைய வெச்சா.

"காணும் மனே, எழும்பு. கேதீஸ்வரி, என்ட ஆஸ்பத்திரிப் பைய எடு புள்ள. தண்ணி ஏற முன்னம் தாண்டுவம்."

முர்ஷித் வேன்ட சாவியப் பவிதரன்ட கையில குடுத்திட்டு, பின் சீற்றுல போய் ஏறிக் குந்தினான்.